சோக் செயினா, முள் பட்டையா, பாடி பெல்ட்டா? கழுத்தில் மாட்டுவது நாய்க்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. பொது இடத்துக்கு வரும் வளர்ப்பு நாய் கயிற்றில் இருக்க வேண்டும், வாய்மூடி போட்டிருக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பலமாகிவிட்டது. வேலூரும் அதற்கு விலக்கில்லை. சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ ஒரு லேப்ரடார் தன் எஜமானரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனால், முன்பு சிரித்தவர்கள் இப்போது முறைக்கிறார்கள். நாயை அடக்கியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் எல்லோரும் போய் நிற்கும் இடம் நாய்ச் சாமான் விற்கும் கடை.

"அண்ணா, இஸ்துகினே போவுது. எதனா நல்ல பெல்ட் கீதா?"

"இந்த முள்ளு பெல்ட்ட போடு தம்பி, ஒரே நாள்ல அடங்கிடும்."

ஒரே நாளில் அடங்குவது பல சமயம் உண்மைதான். நாய் எதனால் அடங்கியது, அடங்கிய நாய் எதைக் கற்றுக்கொண்டது என்பதில்தான் குழப்பம். அதைப் புரிந்துகொள்ளச் சாமான்களிலிருந்தே தொடங்கலாம்.

எதற்கு என்ன பெயர்

கடையில் எல்லாமே 'பெல்ட்'தான். ஆனால் வேலை செய்யும் விதத்தில் ஒவ்வொன்றும் வேறு.

1. சாதாரணப் பட்டை. தோல் அல்லது நைலான், ஒரு கொக்கி, ஒரு வளையம். எவ்வளவு இழுத்தாலும் சுற்றளவு மாறாது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை என்பதால் நல்ல தோல் பட்டை நம் பகுதியில் சுலபமாகக் கிடைக்கும். நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும், அவ்வளவுதான் குறை.

2. மார்ட்டிங்கேல். இரண்டு கண்ணி கொண்ட பட்டை. இழுத்தால் ஓரளவு இறுகி அதோடு நின்றுவிடும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம். அந்த நாய்களின் தலை ஒடுங்கியது, கழுத்து கிட்டத்தட்ட தலையளவே இருக்கும். பின்னோக்கி ஓர் இழுப்பு இழுத்தால் சாதாரணப் பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டை கையில் இருக்கும், நாய் பாலாற்று மணலில் இருக்கும்.

3. சோக் செயின். இரு முனையிலும் வளையம் வைத்த சங்கிலி. இழுக்க இழுக்க இறுகும், அதற்கு எல்லை கிடையாது.

4. முள் பட்டை. உள்பக்கம் மழுங்கிய கம்பி முனைகள் வரிசையாக இருக்கும். இழுத்தால் எல்லா முனையும் ஒரே நேரத்தில் கழுத்துத் தோலைக் கிள்ளும்.

5. ஷாக் காலர். இரண்டு உலோக முனைகள், ஒரு பேட்டரி, கையில் ரிமோட். அதிர்வு, ஒலி, மின்னதிர்ச்சி என்று பல நிலைகள். இணையத்தில் 'டிரெய்னிங் காலர்' என்று விளம்பரம் செய்யப்படுவதில் பெரும்பங்கு இதுதான்.

6. ஹெட் காலர். மூக்கின் மேல் ஒரு வார், காதுக்குப் பின்னால் ஒரு வார். மாட்டுக்குப் போடும் பிடிகயிறு மாதிரி. தலை திரும்பும் பக்கம் உடல் திரும்பும் என்பதே இதன் சூத்திரம்.

7. பாடி பெல்ட், அதாவது ஹார்னஸ். இதில் இரண்டு வகை. முதுகில் மட்டும் வளையம் உள்ளது ஒன்று. நெஞ்சுக்கு நேராக முன்பக்கமும் வளையம் உள்ளது இன்னொன்று. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இழுக்கும் நாய்க்கு இரண்டும் நேரெதிர். ஏன் என்பது கீழே.

நாய் ஏன் இழுக்கிறது

கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாயும். நாயும் அப்படித்தான்: ஒரு பக்கம் இழுபட்டால் எதிர்ப்பக்கம் பலம் கொடுக்கும். முதுகு வளையத்தில் கயிறு மாட்டினால் பாரம் நெஞ்சிலும் தோளிலும் பரவுவதால் நாய்க்கு இழுப்பது இன்னும் வசதி. வண்டி இழுக்கும் விலங்குக்குச் சேணம் கட்டுவதும் இதே கணக்கில்தான். நெஞ்சு வளையத்தில் மாட்டினால், நாய் முன்னே பாயும்போது கயிறு அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. பலம் முழுவதும் முன்னோக்கிப் போக வழியில்லை.

இதைவிடப் பெரிய காரணம், இழுத்தால் பலன் கிடைக்கிறது என்பது. நாயின் இயல்பான நடை நம் நடையைவிட வேகம். முன்னால் ஒரு மின்கம்பம், அதில் வேறொரு நாயின் வாசனை. இழுக்கிறது, நாமும் பின்னாலேயே போகிறோம், மோந்துவிடுகிறது. 'கயிறு விறைத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம்' என்ற பாடத்தை நாமே ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை நடத்துகிறோம். நாய் அடங்காப்பிடாரி என்பதால் இழுப்பதில்லை, பாடத்தை ஒழுங்காகப் படித்ததால் இழுக்கிறது.

பகல் முழுக்கப் போர்டிகோவில் கட்டிக் கிடக்கும் நாய் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குக் கிடைக்கும் வெளியுலகம் அந்த இருபது நிமிடம் மட்டும்தான்.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது

இழுப்பை நிறுத்த வந்த சாமான்களில் பாதிக்கு மேல் கழுத்தைத்தான் பிடிக்கின்றன. நாயின் கழுத்து பார்க்கத்தான் கனம். முன்பக்கம் தோலுக்கும் மெல்லிய தசைக்கும் கீழேயே மூச்சுக்குழாய் ஓடுகிறது. குதிரை லாடம் போன்ற குருத்தெலும்பு வளையங்கள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. பக்கத்திலேயே தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கழுத்துச் சிரைகள், மேலே குரல்வளை. பொமேரியன் போன்ற சிறு ரகங்களில் அந்தக் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகிவிடும் நோய் உண்டு. வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டு இருமல் வரும். அப்படி இருமும் நாய்க்குக் கழுத்தில் எந்தப் பட்டையிலும் கயிறு மாட்டக் கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பட்டையில் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறுகிறது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஹார்னஸில் அந்த ஏற்றம் தெரியவில்லை. பக் போன்ற துருத்திய கண் உள்ள ரகங்களுக்கும், ஏற்கெனவே கண் நோய் உள்ள நாய்க்கும் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. சாதாரணப் பட்டையும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரும் உரிமத் தகடும் தொங்க அது போதும். தினமும் இழுபறி நடக்கும் இடமாக அது இருக்கக் கூடாது.

சோக் செயினில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் போடுவதற்குச் சரியான பக்கம், தவறான பக்கம் என்று இரண்டு இருக்கின்றன. நாய் நம் இடதுபக்கம் நடக்கிறது என்றால், சங்கிலியைக் கண்ணியாக்கி நாயின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது அது ஆங்கிலத்தின் 'P' எழுத்துப்போலத் தெரிய வேண்டும். அப்படிப் போட்டால், கை தளர்ந்ததும் சங்கிலி தன் எடையிலேயே தளரும். திருப்பிப் போட்டால் இறுகியது இறுகியபடியே நிற்கும். காலை நடையில் கோட்டை அகழி ஓரம் வரும் நாய்களின் கழுத்தைக் கொஞ்சம் கவனித்தால், திருப்பிப் போட்ட சங்கிலி கண்ணில் படாமல் போகாது. கர் கர்ரென்று மூச்சு இழுத்தபடி வரும் அந்த நாய்க்குத் தண்டனை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே தெரியாது. முடிவே தெரியாத தண்டனையிலிருந்து அது எதைக் கற்கும்?

வலி எதோடு ஒட்டிக்கொள்கிறது

இந்த விஷயத்தின் மையம் இதுதான்.

வலி தரும் பட்டைக்குப் பின்னால் உள்ள கோட்பாடு எளிது. நாய் இழுத்தால் வலி, நடை சரியானால் வலி நிற்கும். எனவே நாய் சரியாக நடக்கப் பழகும். 1910 வாக்கில் ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் எழுதிவைத்த முறையும் இந்தத் தடத்தில்தான் போகிறது. போலீஸ், ராணுவ நாய்ப் பயிற்சியில் அது வெகுகாலம் செல்லுபடியானது. காகிதத்தில் கோட்பாடு தப்பில்லை. அது பலிக்க மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. தவறு நடந்த அந்த விநாடியிலேயே வலி வர வேண்டும். இரண்டு மூன்று விநாடி தள்ளினால் நாய் வேறொரு செயலோடு அதை முடிச்சுப் போட்டுவிடும்.

2. ஒவ்வொரு தடவையும் வர வேண்டும். ஐந்தில் ஒரு தடவை இழுத்துத் தப்பித்தால், லாட்டரிச் சீட்டு வாங்குபவரைப்போல நாய் மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கும்.

3. அளவு சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் பழகிப்போகும். நாம் கூட்டுவோம், அதுவும் பழகிப்போகும். அதிகமானால் நாய் மிரண்டு நடக்கவே மறுக்கும்.

காலையில் ஒரு கையில் போனும் ஒரு கையில் கயிறுமாக நடக்கும் எத்தனை பேரால் இந்த மூன்றையும் காப்பாற்ற முடியும்?

மூன்றையும் காப்பாற்றினாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. வலி எதனால் வந்தது என்று நாய் நினைக்கிறது என்பது நம் கையில் இல்லை. வலி வந்த நொடியில் அது எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, அதன் மேல் பழி விழலாம்.

வேலூர்த் தெருவில் நடத்திப் பாருங்கள். பேக்கரி முனையில் மூன்று தெருநாய்கள் படுத்திருக்கின்றன. உங்கள் நாய் அவற்றைப் பார்த்து ஆர்வத்தில் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் பாய்கிறது. முள் பட்டை கிள்ளுகிறது. அடுத்த நாள், அதே முனை, அதே நாய்கள், அதே கிள்ளல். பத்துப் பதினைந்து நாளில் உங்கள் நாய் முடிவு செய்துவிட்டது: 'அந்த நாய்கள் கண்ணில் பட்டால் என் கழுத்து வலிக்கும்.' இப்போது அது ஆர்வத்தில் பாய்வதில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிறது. உரிமையாளர் என்ன செய்வார்? 'நாய்க்குக் கோபம் அதிகமாகிவிட்டது' என்று இன்னும் பலமாக இழுப்பார்.

தெருநாயின் இடத்தில் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையை வைத்துப் பாருங்கள். கடியைத் தடுக்க வாங்கிய பட்டை கடிக்கே வழி செய்துவிடக்கூடும். எல்லா நாய்க்கும் இப்படி ஆகிவிடாது. ஆனால் தெருவுக்குத் தெரு நாய்க்கூட்டம் இருக்கும் ஊரில், நாய்களே எதிர்ப்படாத பூங்காவில் நடப்பவருக்கு இருப்பதைவிட இந்த அபாயம் பல மடங்கு என்பது என் கணிப்பு.

ஷாக் காலரில் இது இன்னும் மோசம், வலி வந்த திசைகூட நாய்க்குத் தெரியாது. ஈர ரோமத்தில் ஒரு மாதிரி, உலர்ந்த ரோமத்தில் ஒரு மாதிரி உறைக்கும். நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் முனைகள் அழுத்தும் இடம் புண்ணாகும்.

மறுதரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 45 கிலோ ராட்வைலரைப் பிடித்து நடக்கும் அறுபது வயது அம்மாவுக்கு, முள் பட்டை போட்டவுடன் தோள்வலி குறைகிறது. கீழே விழும் பயம் போகிறது. பட்டை வேண்டாம் என்றால் நாய் வெளியே போவதே நின்றுவிடும் என்கிறார்கள். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நெஞ்சு வளைய ஹார்னஸோ ஹெட் காலரோ அந்தப் பிடியைப் பெருமளவு கொடுத்துவிடும், கிள்ளாமலே. இவையும் கற்றுக்கொடுப்பதில்லை, கழற்றினால் இழுப்பு திரும்பிவிடும். முள் பட்டையைக் கழற்றினாலும் அதே கதைதான். இரண்டுமே பிடிமானம் என்றால், வலியில்லாததை வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?

கிராமத்தில் மாடு ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. மூக்கணாங்கயிறும் வலிக்கிற இடத்தைப் பிடிக்கிற கயிறுதான். ஆனால் நல்ல வண்டிக்காரர் கையில் அது எப்போதும் தொய்வாகவே தொங்கும். மாடு குரலுக்குத்தான் திரும்பும். மூக்கணாங்கயிற்றைச் சுண்டிக்கொண்டே இருப்பவனை வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று யாரும் சொன்னதில்லை.

ஆய்வும் சட்டமும், சுருக்கமாக

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 63 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வரப் பழக்குவதில் ஷாக் காலர் எந்தக் கூடுதல் பலனும் தரவில்லை. தீனி, பாராட்டு முறையே மேலாக இருந்தது. அதே ஆண்டு போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், தண்டனை முறைப் பள்ளிகளில் படித்த நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் எல்லா நாய்க்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது. வேல்ஸ் 2010இலேயே ஷாக் காலரைத் தடை செய்துவிட்டது. ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் முள் பட்டையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது.

நம்முடைய 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எந்தப் பட்டையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 11ஆம் பிரிவு தேவையற்ற வலி தருவதைக் குற்றம் என்கிறது. நியாயமற்ற அளவு குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்றைக்கு நல்ல சங்கிலியே அதைவிட விலை. நாயால் மனித உயிருக்கு ஆபத்தோ படுகாயமோ வராமல் காப்பதில் அலட்சியம் காட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு வரும்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஹெட் காலர் வாய்மூடி இல்லை. அதைப் போட்ட நாய் தாராளமாக வாயைத் திறக்கும், கடிக்கும். வாய்மூடி தேவைப்படும் இடத்தில் கூடை வடிவ வாய்மூடிதான் சரி. அதற்குள் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டும் துணிப் பட்டையில் அது முடியாது.

வெயில் ஒரு தனிக் கணக்கு

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்த மூச்சுப் பாதையைச் சங்கிலியால் நெரித்தால், கொதிக்கும் குக்கரின் விசிலை அழுத்திப் பிடித்த மாதிரி. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்கு இது உயிர் விவகாரம். அவற்றுக்கு ஹார்னஸ்தான், அதிலும் முதுகை மூடும் தடித்த துணி வேண்டாம், வார் மட்டும் உள்ளதாக இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் நடை காலை ஆறரைக்குள் முடிய வேண்டும். மாலையில் தார் ரோட்டில் புறங்கையை ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

அப்படியானால் பழக்குவது எப்படி

ஆறடிக் கயிறு, நெஞ்சு வளையம் உள்ள ஹார்னஸ், பொட்டலத்தில் சின்னச் சின்னத் துண்டாக வேகவைத்த கோழியோ பன்னீரோ. பிரியாணியில் மிஞ்சியது வேண்டாம். வெங்காயம், பூண்டு இரண்டும் நாய்க்கு ஆகாது, வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

1. முதல் நான்கைந்து நாள் வீட்டுக்குள். பெயரைச் சொல்லுங்கள், பார்த்தால் ஒரு துண்டு. துண்டைக் கொடுக்கும் இடம் முக்கியம்: உங்கள் இடது தொடைத் தையல் ஓரம். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால்தான் நிற்கப் பழகும்.

2. பிறகு மாடியில் அல்லது போர்டிகோவில், கயிற்றோடு. ஓரடி, ஒரு துண்டு. மூன்றடி, ஒரு துண்டு. பத்தடி.

3. தெருவில் கயிறு விறைத்த நொடியில் நில்லுங்கள். திட்டாதீர்கள், சுண்டாதீர்கள், மரம்போல நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வாங்கியோ கயிறு தொய்ந்ததும் நடங்கள். நடப்பதுதான் பரிசு. முதல் நாள் இருபது நிமிடத்தில் மூன்று வீட்டைத் தாண்டியிருந்தால் அதிகம்.

4. தொய்வாக வந்தால் மின்கம்பத்தை மோந்துகொள்ள விடுங்கள். மோப்பம் நாய்க்கு நாளிதழ் படிப்பதுபோல. தீனியைவிடச் சமயத்தில் இதற்கு மவுசு அதிகம்.

5. தெருநாய்க்கூட்டம் தெரிந்தால், உங்கள் நாய் விறைத்துப் பார்க்கத் தொடங்கும் தூரத்துக்கு முன்பே எதிர்ப்பக்கம் மாறுங்கள். அந்தத் தூரத்திலிருந்து அவற்றைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தால் ஒரு துண்டு. வாரக்கணக்கில் அந்தத் தூரம் குறைந்துகொண்டே வரும். முள் பட்டை போட்ட முடிச்சுக்கு நேரெதிர் முடிச்சு இது.

வீட்டில் எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றாவிட்டால் இது பலிக்காது. மகள் ஒரு வாரம் பாடுபட்டுப் பழக்கியதை, டீக்கடைக்கு அவசரமாகக் கிளம்பும் தாத்தா ஒரே நடையில் கலைத்துவிடுவார். தாத்தாவை நிறுத்த முடியாது என்றால் ஒரு தந்திரம் உண்டு: பழக்கும் நடைக்கு நெஞ்சு வளையம், தாத்தாவின் நடைக்கு முதுகு வளையம். கயிறு எங்கே மாட்டியிருக்கிறது என்பதை வைத்து எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று நாயே பிரித்துக்கொள்ளும்.

ஹெட் காலர் என்றால், மாட்டியவுடன் தெருவுக்குப் போகாதீர்கள். காலால் பிறாண்டிக் கழற்றப் பார்க்கும். ஒரு வாரம், பத்து நாள் வீட்டில் தீனியோடு பழக்கி, பிறகு கயிறு. அதில் ஒருபோதும் சுண்டி இழுக்கக் கூடாது, கழுத்து திருகிக்கொள்ளும். மூக்கே இல்லாத பக்குக்கு அது நிற்காது.

ஏற்கெனவே சோக் செயின் போட்டுப் பழகிய நாய் என்றால்

ஒரே நாளில் கழற்றிவிட்டுச் சாதாரணப் பட்டைக்கு மாறினால் நாய் பாய்ந்து ஓடும்; நீங்கள் பழையதற்கே திரும்பிவிடுவீர்கள். ஹார்னஸை மாட்டி, முதல் பத்து நாள் கூட்டமில்லாத நேரத்தில், தெரிந்த ஒரே தெருவில் மட்டும் நடத்துங்கள். சங்கிலியைக் கழற்றியபின் கழுத்து ரோமத்தை விலக்கிப் பாருங்கள்: முடி உதிர்ந்த கோடு, கறுத்த தோல், உண்ணி. புண்ணோ விடாத இருமலோ இருந்தால் முதலில் கால்நடை மருத்துவர், பிறகு பயிற்சி. நடுத்தர வயது லேப்ரடார் என்றால், தினமும் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் பழக்கினால், ஒன்றரை இரண்டு மாதத்தில் கயிறு பெரும்பாலும் தொய்வாகத் தொங்கத் தொடங்கும். குட்டி என்றால் இன்னும் சீக்கிரம். ஆனால் குட்டியின் கழுத்து வாரத்துக்கு வாரம் பருக்கும்; பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று ஞாயிறுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.